நடுப்பாதைக்கு அந்தப் பக்கம்

1

புது வைக்கோலின் வாசனைக்கு மஸ்கட்டில் வேலை கிடையாது. இந்த ஊரின் வாசனைகள் எனக்கு மனப்பாடம்: சந்தையில் புகையும் சாம்பிராணி, நண்பகல் தார், ஏசி இயந்திரம் விடும் ஈரத்தூசி மூச்சு. இத்தனை வருஷத்தில் நான்காவதாக ஒன்று சேர்ந்ததில்லை. அதனால்தான் போன ஜனவரிக் கடைசியில், ஆராதனைக் கூடத்தின் வாசலில் சபைக்குப் புதிதாக வந்த ஒரு பெண் தன் பெட்டியைத் திறந்தபோது நான் பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டேன். மடித்த துணிகளுக்கு நடுவே, பழைய லுங்கியில் சுற்றிய ஒரு கட்டு நெற்கதிர். மதுராந்தகம் ஏரிப் பாசனம், சம்பா அறுப்பு, போன வாரம்தான் அறுத்தது என்றாள் அவள். விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்களோ என்று பயந்துகொண்டே கொண்டுவந்தாளாம். லுங்கியை அவிழ்த்ததும் நெல்தாளின் வாசனை எழுந்தது. அரிவாள் பட்ட இடத்தில் தாள் விடுகிற பச்சை வாசனை. செருப்போடு அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

இங்கே ஞாயிறு வேலைநாள். எங்கள் ஞாயிறு வெள்ளிக்கிழமையில் வரும். ஒரே வளாகத்தில் மணிக்கு ஒரு மொழி ஆண்டவரைக் கூப்பிடும். நாங்கள் எழுந்து வருவதற்குள் மலையாளத்துக்காரர்கள் கதவில் நிற்பார்கள். அந்த அவசரத்திலும் வருஷத்துக்கு ஒருநாள் எங்களுக்கு அறுப்பின் பண்டிகை உண்டு. ஒரு சாண் வயல் இல்லாத பாலைவனத்தில், சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய பூசணியையும் வாழைத்தாரையும் பீடத்துக்கு முன்னால் அடுக்கி வைப்போம். ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் விடுவார்கள். பணம் சபைக்கு.

சிரிக்கலாம். ஆனால் ஏலம் தொடங்கி, "ஒரு தரம்..." என்று அந்தக் குரல் எழும்பும்போது கூடத்தில் ஒருத்தரும் சிரிப்பதில்லை. எல்லோருக்கும் அது வேறொரு ஊரில் கேட்கிறது.

எனக்கு எந்த ஊரில் கேட்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றது பிறகு.

2

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையில், பேருந்து அரை நிமிஷம் நின்றாலும் நிற்கும், நிற்காமல் போனாலும் போகும் ஊர் எங்களுடையது. அப்பா அந்தப் பேருந்துகளில் ஒன்றில் கண்டக்டராக இருந்ததால் எங்கள் ஊரில் அது மட்டும் கட்டாயம் நிற்கும். அம்மா பால்வாடி டீச்சர். அவர்களுக்கு முந்திய தலைமுறை முழுக்க மற்றவர் வயலில் அறுத்தவர்கள். எங்களுக்கு நிலம் இருந்ததே இல்லை. ஆனாலும் எங்கள் கோவிலின் முதற்கதிர் எங்கள் ஆட்களின் கையிலிருந்துதான் வரும். கூலி நெல்லில் எதைப் படைப்பது என்று யாரும் குழம்பியதில்லை. அறுத்தவன் எவனோ அவனுடையது அறுப்பு, அவ்வளவுதான் எங்கள் வேதசாஸ்திரம்.

கோவிலில் நாற்காலி கிடையாது, ஜமுக்காளம். பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வலப்பக்கம், நடுவில் சாணி மெழுகிய ஒரு பாதை. ஏலம் என்றால் உபதேசியார் பூசணியைக் கையில் தூக்கி நிற்பார். அந்தப் பூசணியை நட்டவள், தண்ணீர் ஊற்றியவள், ஆட்டுக்கு எட்டாமல் கூரையில் ஏற்றியவள் எல்லாம் இடப்பக்கம் இருப்பார்கள். கேட்பது வலப்பக்கம். பெண் வாய் திறந்து ஏலம் கேட்கிற வழக்கம் இல்லை. இது எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காததால் யாராலும் அடித்துவிடவும் முடியவில்லை.

ஆனால் பெண்களுக்கு வேண்டும் என்று இருக்குமே. அதற்குத்தான் பிள்ளைகள். சட்டியில் கோழிக்குழம்பாகப் போகிற சேவலை அம்மாவுக்குப் பிடித்துவிட்டால் என் இடுப்பில் ஒரு இடி விழும். நான் எழுந்து நடுப்பாதையைத் தாண்டி ஓடி அப்பாவின் காதில் சொல்ல வேண்டும். சொல்வதற்கு இரண்டே செய்திகள்தான் உண்டு. ஒன்று, 'விடாதீங்க.' இன்னொன்று, 'போதும்.' அப்பா திரும்பி அம்மாவைப் பார்க்க மாட்டார். பார்த்தால் பெண்டாட்டி சொல்லிக் கேட்கிறான் என்று ஆகிவிடும். தானே யோசித்த முகத்தோடு மோவாயைத் தடவிவிட்டு விலையை ஏற்றுவார். அவருக்குப் பக்கத்தில் இன்னொரு பிள்ளை இன்னொரு காதில் குனிந்திருக்கும்.

ஏலம் சூடேறிவிட்டால் நடுப்பாதை முழுக்கப் பாவாடைகளும் டவுசர்களும் குறுக்கே ஓடும். உபதேசியார் கண்ணை மூடிக்கொள்வார். அவருக்கும் தெரியும், இது ஆண்களின் ஏலம் இல்லை என்று. ஒன்றும் தெரியாத மாதிரி ஓர் ஊரே சேர்ந்து நடிப்பதைப் போல அழகான நாடகத்தை நான் பிறகு பார்த்ததில்லை. அதில் எனக்கு நல்ல வேஷம். என் கால் வேகமான கால்.

3

தொண்ணூறுகளின் தொடக்கம். இளங்கலை முடித்திருந்தேன். சென்னையில் பெண்ணியல் முதுகலை புதிதாக ஆரம்பித்திருந்தார்கள். அறிவிப்புப் பலகையில் பார்த்துவிட்டு விண்ணப்பித்தேன். நேர்முகத்தில் பருத்திப் புடவை கட்டிய ஒரு மேடம், ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டார். படித்து வைத்திருந்த பதில் மறந்துவிட்டது. பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். நடுப்பாதையைச் சொன்னேன். இடுப்பில் விழும் இடியை, இரண்டு செய்திகளை, அப்பாவின் மோவாயை.

மேடம் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "இத யாரும் இன்னும் எழுதலம்மா. வா, வந்து இதையே எழுது" என்றார்.

நான் படியிறங்கியபோது கால்கள் தரையில் படவில்லை. இடம் கிடைத்துவிட்டது என்று கடிதமும் வந்தது. அதே வாரம் சதுரங்கப்பட்டினத்திலிருந்து பெண் கேட்டும் வந்தார்கள். மாப்பிள்ளை மஸ்கட்டில், குளிர்சாதனக் கம்பெனியில் மேற்பார்வையாளர். விடுமுறை ஒரு மாதம்தான். நல்லவர், குடி கிடையாது, சிரித்த முகம். எல்லாமே உண்மை, இன்றுவரை. அப்பா என்னைக் கட்டாயப்படுத்தவே இல்லை. பயணச்சீட்டுக் கட்டை மடியில் வைத்துத் தேய்த்தபடி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "படிப்பு எங்கம்மா போவப் போவுது?"

எங்கேயும் போகவில்லை. அது அங்கேயே இருந்தது. போனது நான்.

கல்யாணம் முடிந்த மறுவாரம் செல்வராஜ் என்னை மாமல்லபுரம் கூட்டிப்போனார். சாலை நெடுகப் பட்டறைகளில் உளிச்சத்தம், ஒன்று விட்டு ஒன்று. பாறையில் ஒரு யானை முன்பாதி மட்டும் வெளியே வந்து நின்றது. பின்பாதியைக் கல் விடவில்லை. அதன் நிழலில் மாங்காய்ப் பத்தை தின்றுகொண்டே, கல்லூரியில் கிடைத்த இடத்தைப் பிறகு கேட்டு வாங்கிக்கொள்ள முடியுமா, நான் படிக்கலாமா என்று கேட்டேன்.

கண்டிப்பாக என்றார். போய்க் கொஞ்சம் நிலைத்துவிட்டால் போதும் என்றார். மிளகாய்ப்பொடி ஒட்டிய விரலால் என் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டார். அந்த விரலை எப்படிக் கோபித்துக்கொள்வது?

4

நிலைப்பது என்றால் என்ன என்று இந்த ஊர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. குடியிருப்பு அட்டையில் என் படம், படத்துக்குக் கீழே அவர் பெயர். அவர் இருக்கும்வரை நான் இருக்கலாம். வேலை செய்யவோ கல்லூரியில் சேரவோ அவர் ஆட்சேபமில்லை என்று எழுதித் தர வேண்டும். அவருக்கு எதிலும் ஆட்சேபம் இல்லை. அதுதான் சிக்கல்.

ஊரில் நான் ஞா. கிரேஸ் மேரி. ஞானமுத்துவின் ஞா. பாஸ்போர்ட்டில் முன்னெழுத்துக்கு இடமில்லை என்று கணவர் பெயரைப் பின்னால் சேர்த்தார்கள். இங்கே பின்னால் இருப்பதுதான் பெயர். ஆஸ்பத்திரியில் தாதி வந்து "செல்வராஜ்" என்று கூப்பிடுவாள், நான் எழுந்து போவேன். முதல் தடவை பக்கத்தில் இருந்த பெண் என் கையைப் பிடித்து, அவர் வரட்டும், நீ உட்கார் என்றாள். கர்ப்பப்பைக்கு ஸ்கேன் எடுக்கவும் செல்வராஜ்தான் எழுந்து போனான். ஜெமி பிறந்ததும் செல்வராஜுக்குத்தான்.

ஜெமி எங்கள் ஒரே மகள். அவளுடைய தமிழ் விருந்தாளித் தமிழ். செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக உட்காரும். "பாட்டி போன் பண்ணான் மம்மி" என்பாள். செங்கல்பட்டை 'உங்க ஊர்' என்பாள். திருத்தித் திருத்தி ஒரு கட்டத்தில் நிறுத்திக்கொண்டேன். பிள்ளை நம்மை விட்டு விலகுவது கோபத்தில் நடப்பதில்லை. பாத்திரத்திலிருந்து தண்ணீர் கசிகிற மாதிரி, நாம் வேறு எதையோ துடைத்துக்கொண்டிருக்கும்போது நடக்கிறது.

அவள் பன்னிரண்டாவது சேர்ந்த வருஷம்தான் எனக்கு அந்தச் சேதி கிடைத்தது. பெண்ணியல் முதுகலையைத் தொலைநிலையில் படிக்கலாம். படிப்பு மையம் செங்கல்பட்டிலேயே ஒரு கல்லூரியில். டிசம்பரில் மட்டும் நேரில் வர வேண்டும்; அந்த வகுப்புக்கு வராதவர்கள் தேர்வு எழுத முடியாது.

சொல்லிப் பார்த்தேன். பொம்பளைங்க படிப்பா, தையலும் வருமா என்றார் சபையில் ஓர் அக்கா, ஆசையாகவே. அது மனையியல், இது வேறு என்று விளக்கினேன். அப்போ சமையல் மட்டும்தானா என்றார். ஜெமி கணினியில் தேடிவிட்டு, இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டாள். அம்மா தொலைபேசியில் நெடுநேரம் யோசித்துவிட்டு, "பொம்பளையப் பத்திப் படிக்கறதுக்குப் பொம்பளைக்கு எதுக்குடி காலேஜி? கண்ணாடி போதாதா?" என்றாள்.

செல்வராஜ் மட்டும்தான் வேண்டாம் என்று சொல்லவில்லை. படி என்றார். ஜெமி பன்னிரண்டாவது முடியட்டும், கல்லூரி ஒன்று அமையட்டும், தன் சர்க்கரை நோய் ஒரு நிலைக்கு வரட்டும், பிறகு நிம்மதியாகப் படி என்றார். ஒவ்வொன்றும் நியாயம். கதவு பூட்டியிருந்தால் உடைக்கலாம். இங்கே ஒருவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு சிரித்த முகமாக நிற்கிறார். அவரைத் தாண்டிப் போவது எப்படி என்றுதான் தெரியவில்லை. காலையில் சப்பாத்தி, அவருக்கு மாத்திரை, ஜெமிக்கு டப்பா, ஜன்னலுக்கு வெளியே புல் முளைக்காத பழுப்பு மலை. மலையும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே சாயங்காலம் ஆக்கிவிடுவோம்.

5

இப்போது அந்த ஏலம்.

இங்கேயும் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம்தான், பழக்கதோஷம். நடுவில் சாணிக்குப் பதில் சிவப்புக் கம்பளம். ஓடுவதற்குப் பிள்ளைகள் இல்லை. பிள்ளைகள் எல்லாம் வெளியே ஆங்கிலத்தில் விளையாடுகிறார்கள். ஏலம் விடுபவர் திருநெல்வேலிக்காரர், தாவீது அங்கிள் என்போம். வாழைத்தார் போயிற்று, கேக் போயிற்று, யாரோ கொண்டுவந்த தேங்காய் எண்ணெய் போயிற்று. பிறகு அவர் அந்தப் பெண் கொண்டுவந்த நெற்கதிரைத் தூக்கினார்.

வாசனை முன்வரிசைக்கு வந்தது. வலப்பக்கம் ஒரு குரல் கேட்டது. நான் யார் என்று பார்க்கவில்லை. என் இடுப்பில் யாரும் இடிக்கவில்லை. ஆனால் இடி விழுந்தது. ஓடுவதற்கு எழுந்தேன். காதில் சொல்ல அந்தப் பக்கம் எனக்கு ஓர் ஆள் வேண்டுமே என்று தோன்றிய அதே நொடியில் என் வாயே கேட்டுவிட்டது. சத்தமாக. பெண்கள் பக்கம் அப்படியே அடங்கிப்போயிற்று.

வலப்பக்கத்துக் குரல் ஏற்றியது. நான் ஏற்றினேன். அது ஏற்றியது. நான்காவது முறை கேட்கும்போதுதான் அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல் என்று புரிந்தது. தூணுக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவர் செல்வராஜ். எனக்குக் கதிர் பிடிக்கும் என்று எனக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். எதிரே கேட்பது நான்தான் என்று தெரியாமல் தூண் அவருக்கு மறைத்திருந்தது.

தாவீது அங்கிளுக்கு இரண்டு பக்கமும் தெரிந்தது. அவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "புருசனும் பொஞ்சாதியும் மோதுதாவ. ஆண்டவருக்கு லாபம்டே, யாரும் ஊடால வராதிய" என்றார். கூடமே சிரித்தது. செல்வராஜ் தூணைத் தாண்டி எட்டிப் பார்த்தார், என்னைக் கண்டார், அவரும் வெட்கத்தோடு சிரித்தார். பிறகு, விளையாட்டு என்று நினைத்தாரோ, ஆண்கள் பக்கம் முதுகில் தட்டினார்களோ, இன்னொரு முறை ஏற்றினார்.

"ஒரு தரம்," என்றார் தாவீது அங்கிள். "ரெண்டு தரம்."

எனக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். ரெண்டு பேர் பணமும் ஒரே பைதானே, விட்டுடேன் என்றார்கள். ஒரே பைதான். நியாயம்தான். என் வாய் திறந்தபடியே இருந்தது, அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. மூன்று தரம் சொல்லி முடித்துவிட்டார்.

செல்வராஜ் கம்பளத்தைத் தாண்டி வந்து கதிரை என் மடியில் வைத்தார். "உனக்குத்தானே எடுத்தேன், கிரேஸு" என்றார். கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வரும்வழியில் காருக்குள் வைக்கோல் மணத்தது. எதற்கு முகம் இப்படி இருக்கிறது, நீ ஆசைப்பட்டதுதானே கிடைத்தது என்று கேட்டார். கிடைத்தது என்றேன். எனக்கு வேண்டியது கதிர் இல்லை, அந்த மூன்றாம் தரம் என் பேரில் முடிந்திருக்க வேண்டும் என்று சொன்னால், ஓட்டிக்கொண்டிருந்தவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, சரி, அடுத்த வருஷம் உன்னையே கேட்க விடுகிறேன் என்று சொல்லியிருப்பார். அந்தப் பதிலை நான் கேட்க விரும்பவில்லை.

மறுநாள் அவரிடம் சொல்லாமல் விண்ணப்பத்தை அனுப்பினேன். திருட்டு மாதிரித்தான் இருந்தது.

6

ஜூலையில் மூவரும் ஊருக்கு வந்தோம். ஜெமிக்குப் படூரில் பொறியியல் கல்லூரி, விடுதி. கேளம்பாக்கம் தாண்டுவதற்குள் இத்தனை கட்டடமா என்று சாலை முழுக்க வாய் பிளந்தது நான் மட்டும்தான். அவர்கள் இருவருக்கும் அது சாதாரண ஊர். விடுதி அறையில் மெத்தை விரித்துக்கொண்டிருந்தபோது விண்ணப்பித்ததையும் டிசம்பர் வகுப்புக்கு வர வேண்டியிருப்பதையும் ஜெமியிடம் சொன்னேன். செல்வராஜுக்கும் அங்கேதான் முதல் தடவையாகத் தெரிந்தது.

அவள் தலையணை உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "டிசம்பர்லதான மம்மி எனக்கு செமஸ்டர் லீவு? நான் அங்க வருவேன், நீங்க இங்க வருவீங்களா?" உறையைத் தலையணையில் நுழைத்துக்கொண்டே, "டாடிக்கு யாரு சப்பாத்தி போடுவா?" என்றாள். அவள் என்னைக் குத்துவதற்காகக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

செல்வராஜ் ஜன்னல் கொக்கியைப் போட்டுப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் செங்கல்பட்டுப் படிப்பு மையத்துக்கு அவரும் வந்தார். நான் தனியாகப் போகிறேன் என்றேன். வெயில் என்றார். கவுன்டரில் இருந்தவர் பட்டச் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஞா. கிரேஸ் மேரி வேறு, கிரேஸ் மேரி செல்வராஜ் வேறு. இருவரும் ஒருவர்தான் என்பதற்கு அத்தாட்சி வேண்டுமாம். பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்த்து முகம் மலர்ந்தார். சார்தான் வந்திருக்கிறாரே, அவரே ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் இப்போதே முடிந்துவிடும் என்றார்.

செல்வராஜ் அதற்குள் பேனாவின் மூடியைக் கழற்றியிருந்தார்.

"வேணாங்க," என்றேன். "நானே நோட்டரிகிட்ட எழுதிக்கிறேன்."

"ஒரு நிமிஷ வேல கிரேஸு."

"தெரியும். வேணாம்."

வெளியே வேப்பமரத்தடிக்கு வந்தபிறகுதான் அவர் பேசினார். இத்தனை வருஷத்தில் அவர் குரல் உடைந்து நான் கேட்டதில்லை. மஸ்கட்டில் மறந்திருந்த சதுரங்கப்பட்டினம் அவர் நாக்கில் அப்படியே இருந்தது.

"நான் இன்னா வேணாம்னா சொன்னேன்? ஒருநாளாவது சொல்லிகீறனா?"

"சொல்லல."

"அப்புறம் இன்னாத்துக்கு என்ன வில்லன் மாதிரி நிக்க வெக்கற?"

நீங்கள் வில்லனாக இருந்திருந்தால் எப்போதோ படித்து முடித்திருப்பேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது. அவர் தேநீர்க் கடைப் பக்கம் போய்விட்டார். எனக்கும் வாங்கி அனுப்பினார், சர்க்கரை குறைவாக, எனக்குப் பிடிக்கிற மாதிரி.

நீதிமன்றத்துக்கு எதிரே தட்டச்சு அடிக்கிறவர் என் உறுதிமொழியை அடித்தார். தாளில் முதல் வரியே 'செல்வராஜின் மனைவி கிரேஸ் மேரி ஆகிய நான்' என்று வந்தது. ஞானமுத்துவின் மகள் என்று போடுங்கள் என்றேன். அவர் இயந்திரத்திலிருந்து கையை எடுக்காமலே, "கல்யாணமான லேடீஸ்க்கு மனைவின்னுதாம்மா வரும். மாத்தனா ரிஜெக்ட் ஆயிரும், அப்பறம் நீதான் அலையணும்" என்றார். மகள் என்று மாற்றினாலும் யாரோ ஒருவருடையவள்தான் என்று அப்போதுதான் உறைத்தது. வெறும் கிரேஸ் மேரி ஆகிய நான் என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்க அந்தத் தெருவில் வழியே இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

திரும்பி வந்தால் பொறுப்பாளர் திங்கட்கிழமைதான் வருவார் என்றார்கள். அன்றுதான் கடைசி நாள். தபால் வேண்டாம், யாராவது நேரில் கொண்டுவந்து தர வேண்டும். கவுன்டர்காரர் எனக்காக உண்மையான அக்கறையோடு இன்னொன்றும் சொன்னார்: டிசம்பர் வகுப்புக்குக் கண்டிப்பாக வருவேனா என்று பொறுப்பாளர் மேடம் கேட்பார். வெளிநாட்டுக்காரர்கள் சேர்ந்துவிட்டு வராமல் போய்விடுகிறார்கள். வர முடியாதென்றால் இடத்தை இப்போதே விட்டுவிட்டால், காத்திருக்கிற இன்னொரு பெண்ணுக்குக் கொடுக்கலாம்.

எங்கள் விமானம் ஞாயிறு விடிகாலை. அந்த வாரத்தில் என் விசா புதுப்பிப்புக்கு நானே நேரில் விரல் பதிக்க வேண்டும். பதிக்காவிட்டால் அட்டையில் இருக்கிற படமும் இல்லாமல் போய்விடும்.

7

அப்பா போனபிறகு அம்மா செங்கல்பட்டிலேயே ரயில்வே லைன் பக்கம் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறாள். பண்டிகைக்கு மட்டும் ஊர்க் கோவிலுக்குப் போவாள். ஏலம் நடக்கும்போது என்ன வாங்கினாய் என்று ஒருமுறை கேட்டேன். அந்தப் பக்கம் தனக்காகக் கேட்பதற்கு ஆள் இல்லையே, எதை வாங்குவது என்றாள். தான் கேட்கலாம் என்ற யோசனையே அவளுக்கு வந்திருக்கவில்லை. நான் மஸ்கட்டில் கேட்டதைச் சொன்னபோது, "புருஷனுக்கு எதுக்கவா கேட்ட?" என்று வாயில் கைவைத்தவள், சற்றுப் பொறுத்து, எவ்வளவு தூரம் ஏற்றினாய் என்று மெதுவாகக் கேட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் டாக்ஸி வந்து வாசலில் நின்றது. பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்த செல்வராஜ், சதுரங்கப்பட்டினத்தில் இருக்கிற தன் தம்பியைத் திங்கட்கிழமை மையத்துக்கு அனுப்புகிறேன் என்றார். அவன் பேசிக்கொள்வான், விவரமானவன் என்றார். சண்டைக்குப் பிறகும் என் வேலையை அவர் மறக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, எதற்கென்று பிரிக்க முடியாத அழுகை.

அம்மா போகட்டும் என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அம்மாவின் மடங்காத முழங்காலைப் பார்த்தார். சரி என்று சொல்லிவிட்டு டாக்ஸியின் முன்னிருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார். அந்தச் சரியில் கோபம் இருந்ததா, இல்லையா என்று விமானத்தில் வழி முழுவதும் யோசித்தேன். இன்றும் யோசிக்கிறேன். மேடம் என்ன முடிவு சொன்னார் என்பதைவிட அதைத்தான் அதிகம் யோசிக்கிறேன்.

உறையை அம்மாவின் கையில் கொடுத்தேன். அவள் அதைக் குழந்தையை வாங்குவது மாதிரி இரண்டு கையாலும் வாங்கினாள். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு மின்சார ரயில் தாம்பரம் பக்கம் போயிற்று. டிசம்பரில் ஜெமி மஸ்கட் விமான நிலையத்தில் தள்ளுவண்டியோடு வெளியே வருவாள். கம்பிக்கு இந்தப் பக்கம் செல்வராஜ் மட்டும் நிற்பார். என் கண்ணுக்குள் அது தெளிவாகத் தெரிந்தது, அவள் போட்டிருக்கப்போகிற சட்டை உட்பட. இந்தப் பக்கம் செங்கல்பட்டில் ஒரு வகுப்பறை. அதில் யாருடைய முகமும் தெரியவில்லை. விட்டுவிடு, ஒரே பைதானே என்று எனக்குள் எத்தனை பேர் முந்தானையை இழுத்தார்கள் என்று சொல்ல முடியாது. எல்லோருக்கும் என் குரலே இருந்தது.

டாக்ஸிக்காரர் ஒருமுறை ஹாரன் அடித்தார்.

"எனக்கு இங்கிலீஸுல கேட்டா ஒண்ணும் வராது," என்றாள் அம்மா. "உன் பொண்ணு வருவாளா, இல்ல எடத்த உட்டுர்றாளான்னு அந்தம்மா கேட்டா, இன்னா சொல்லணும்? அத மட்டும் சொல்லு. நான் ஓடிப் போயிச் சொல்லிர்றேன்."

முழங்கால் மடங்காத அம்மா, 'ஓடி' என்றாள்.

"விடமாட்டேன்னு சொல்லு," என்றேன்.